ஐன்ஸ்டீனின் வயிற்றில் துடித்த நாடி

1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி 'கிட்டானோ மாரு' என்னும் ஜப்பானியக் கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களில் 43 வயதான அல்பேர்ட் ஐன்ஸ்டீனும் அவருடைய மனைவி எல்சாவும் இருந்தனர். ஜப்பானில் விரிவுரை நிகழ்த்தப் போகும் வழியில் ஒரு நாள் தங்கல். மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவில் ஏறி நகரைச் சுற்றிய அவர், சக மனிதனை இப்படி நடத்துவதில் தாமும் பங்காளியானதற்காக வெட்கப்பட்டுத் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதே நாட்குறிப்பில் கொழும்பின் ஏழை மக்களைப் பற்றி நம்மால் இரசிக்க முடியாத வரிகளும் உண்டு, அதை மறைப்பானேன்! அடுத்த மாதம் அவர் ஷங்ஹாய் சேர்ந்தபோது நோபல் பரிசுச் செய்தி எட்டியது.

அவர் 1879 மார்ச் 14இல் ஜேர்மனியின் ஊல்ம் நகரில் பிறந்தார். சூரிச்சில் படித்துப் பட்டம் பெற்றும் ஆசிரியப் பதவி கிடைக்காமல், 1902இல் பேர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். 1905இல் வெளியிட்ட கட்டுரைகள், 1915இன் பொதுச் சார்புக் கொள்கை, 1919 சூரிய கிரகணத்தில் அது மெய்ப்பிக்கப்பட்டது எல்லாம் நம் பிள்ளைகளின் பாடநூல்களிலேயே இருக்கின்றன. இங்கே சொல்ல வந்தது அவருடைய வயிற்றின் கதையை.

முதலாம் உலக யுத்தத்தின்போது பேர்லினில் நல்ல உணவு கிடைக்கவில்லை. 1917இல் அவர் கடும் வயிற்று நோயால் படுத்தார். இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 25 கிலோ மெலிந்தார். ஒன்றுவிட்ட சகோதரியான எல்சாதான் சமைத்துக் கொடுத்துத் தேற்றி எடுத்தார். 1919இல் இருவரும் மணந்துகொண்டனர். அன்று தொடங்கிய வயிற்றுத் தொல்லை வாழ்நாள் முழுவதும் விட்டுவிட்டு வந்தது. வைத்தியர்கள் எவ்வளவு தடுத்தாலும் விடமுடியாத இன்னொன்றும் அவரிடம் இருந்தது: புகைக்குழாய்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் குடியேறினார். எல்சா 1936இல் காலமானார். அதன்பின் மேர்சர் தெருவில் இருந்த அந்த வீட்டை நடத்தியவர்கள் பெண்களே: செயலாளர் ஹெலன் டூக்காஸ், எல்சாவின் மகள் மார்கொட், பின்னர் வந்து சேர்ந்த தங்கை மாயா. அவர்களின் உழைப்பைப் பற்றி உலகம் அதிகம் பேசுவதில்லை.

1948இல் ஐன்ஸ்டீனுக்கு மேல்வயிற்றில் வலியும் வாந்தியும் அடிக்கடி வந்தன. பித்தப்பை நோய் போன்ற வலி. ஆனால் அவரைச் சோதித்த டொக்டர் ருடோல்ஃப் நிஸ்ஸனின் கைக்கு, வயிற்றின் நடுவே இதயத்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நிஸ்ஸனும் அகதிதான், 1933இல் ஜேர்மனியை விட்டு இஸ்தான்புல் சென்று, பிறகு அமெரிக்கா வந்தவர். டிசெம்பர் மாதம் புரூக்ளின் யூத வைத்தியசாலையில் அவர் வயிற்றைத் திறந்தார். பெருநாடி பெரிய தோடம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

இதயத்திலிருந்து கீழிறங்கும் பெருநாடியின் சுவர் நலிந்த இடத்தில், தேய்ந்த சைக்கிள் ரியூப் காற்றடிக்கும்போது புடைப்பதுபோலப் புடைக்கும். இதையே அனியூரிசம் என்கிறோம். வெடித்தால் பலர் வைத்தியசாலைக்கு வந்து சேர்வதற்கு முன்பே இறந்துவிடுவர். 1817இல் லண்டனில் அஸ்ட்லி கூப்பர் பெருநாடியை நூலால் கட்டிப் பார்த்தார். நோயாளி இரண்டு நாள்கூட வாழவில்லை. 1948இலும் புடைப்பை வெட்டி எடுத்துவிட்டு மாற்றுக் குழாய் வைக்கும் முறை வந்திருக்கவில்லை. நிஸ்ஸன் செய்தது, இனிப்புப் பண்டம் சுற்றும் செலோபேன் தாளைப் போன்ற ஒன்றால் அந்தப் புடைப்பைப் போர்த்ததுதான். செலோபேன் உடம்பை உறுத்தும். உறுத்திய இடத்தில் அழற்சி உண்டாகி, தடித்த நார்த்திசு வளரும். அந்தத் திசு நாடிக்கு வெளிச்சுவராக நிற்கும் என்பது கணக்கு.

இதில் ஒரு விந்தை உண்டு. நிஸ்ஸன் வேண்டுமென்றே உண்டாக்கிய அதே அழற்சி, சிலருக்குத் தானாகவே வருகிறது. பெருநாடிப் புடைப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 வீதத்தினருக்கு நாடியின் சுவர் வெண்மையாகத் தடித்து, முன்சிறுகுடலோடும் சிறுநீர்க்குழாய்களோடும் ஒட்டிக்கொள்கிறது. அழற்சிப் புடைப்பு என்ற பெயர் இதற்கு 1972இல் வந்தது. இத்தகையோர் வயிறு, முதுகு வலியோடும் உடல் மெலிவோடும் வருவார்கள். ஒட்டிய குடலைப் பிரிக்க முயன்றால் குடல் கிழியும் என்பதால், சத்திரசிகிச்சை நிபுணர் அதைத் தொடாமல் விட்டு, புடைப்பை வேறு பக்கத்தால் திறந்து உள்ளே செயற்கைக் குழாயைத் தைப்பார். இன்று பலருக்குத் தொடை நாடி வழியாகவே குழாயைச் செலுத்திவிடலாம்.

கிருமி தொற்றிய புடைப்போ இதைவிடப் பொல்லாதது. 1885இல் வில்லியம் ஒஸ்லர் இதற்குக் காளானின் பெயரைச் சூட்டினார். தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர் அது, பெரும்பாலும் காரணம் பக்றீரியாவே. சல்மொனெல்லா முக்கியமானது. வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்து, நீரிழிவுக்காரரை அதிகம் தாக்கும் மெலியோய்டோசிஸ் கிருமியும் இதை உண்டாக்கும். அது நம் நாட்டிலும் இருக்கிறது. காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்து நாட்கணக்கில் நீடித்தால் கைமருந்தோடு காலங்கடத்தக் கூடாது. இங்கே அழுகிய சுவரை முழுவதும் வெட்டி அகற்ற வேண்டும். பிறகு அதே இடத்தில் நோயாளியின் தொடை நாளத்தையோ, இறந்தவர் தானம் செய்த நாடியையோ, மருந்தில் ஊறிய குழாயையோ வைப்பார்கள்; அல்லது அந்த இடத்தையே தவிர்த்து, அக்குள் நாடியிலிருந்து தோலின் கீழே குழாய் இழுத்துத் தொடைகளுக்குக் குருதி கொடுப்பார்கள். நுண்ணுயிர்கொல்லி மருந்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும்.

ஐன்ஸ்டீனுடையது இவை இரண்டும் அல்ல. வயதும் புகையும் தரும் சாதாரண வகையாகவே தெரிகிறது. புகைபிடிக்கும் ஆண்களுக்கே அது அதிகம். இங்கிலாந்தில் வாழும் நம் தோழியர் வீடுகளில் 65 வயதாகும் ஆண்களுக்கு வயிற்று ஸ்கான் செய்ய அழைப்புக் கடிதம் வருவது இதற்காகத்தான். வலியில்லாத சில நிமிட வேலை. கடிதத்தை மேசையில் கிடக்க விடாதீர்கள்.

செலோபேன் அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தது. 1952இல் இஸ்ரேலின் ஜனாதிபதிப் பதவி தேடி வந்தது, மறுத்துவிட்டார். 1955 ஏப்ரல் 11இல், அணுவாயுதத்துக்கு எதிராக பேர்ட்ரண்ட் ரஸ்ஸலுடன் சேர்ந்து விடுத்த அறிக்கையில் கையொப்பமிட்டார். இரண்டு நாளில் வலி வந்தது. புடைப்பு கசியத் தொடங்கியிருந்தது. அதற்கிடையில் வைத்தியமும் முன்னேறியிருந்தது: 1951இல் பரிஸில் சார்ல்ஸ் டுபோஸ்ட் புடைப்பை வெட்டியெடுத்து, இறந்த ஒருவரின் நாடியை வைத்துத் தைத்து வெற்றி கண்டிருந்தார். நியூயோர்க்கிலிருந்து வந்த டொக்டர் ஃபிராங்க் கிளென் அத்தகைய சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார். உயிரைச் செயற்கையாக இழுத்து நீட்ட விருப்பமில்லை என்று ஐன்ஸ்டீன் மறுத்தார். 76 வயதில், அன்றைய ஆபத்துகளோடு, அந்த மறுப்பைக் கோழைத்தனம் என்றோ அலட்சியம் என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹெலன் டூக்காஸ் எவ்வளவோ கலங்கினார். அவர்தான் பேச்சை மாற்றி ஆறுதல் சொன்னார்.

15ஆம் திகதி பிரின்ஸ்டன் வைத்தியசாலையில் சேர்த்தனர். மார்கொட் வேறு நோய்க்காக அங்கேயே தங்கியிருந்தார். சக்கர நாற்காலியில் அவரை அழைத்து வந்தனர். மகன் ஹான்ஸ் அல்பேர்ட் கலிபோர்னியாவிலிருந்து பறந்து வந்தார். சற்றுத் தேறியதும் ஐன்ஸ்டீன் மூக்குக்கண்ணாடியையும் கணக்குத் தாள்களையும் எடுத்துவரச் சொன்னார். 18ஆம் திகதி அதிகாலை ஒரு மணிக்குப் பின் ஜேர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அருகில் நின்ற தாதிக்கு அந்த மொழி தெரியாது. அன்றே தகனம் நடந்தது. சாம்பலை எங்கே தூவினார்கள் என்பதை நண்பர்கள் வெளியிடவில்லை.