ஜே.ஆர்.ஜெயவர்த்தனே: தன் அளவுக்கு ஒரு நாற்காலி செய்தவர்

2022 ஜூலையில் கொழும்பு அதிபர் மாளிகைக்குள் மக்கள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்த வீடியோ ஞாபகம் இருக்கா? கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டே ஓடினார். ஆனால், போராட்டக்காரர்கள் பலர் கேட்டது இன்னொன்றும் உண்டு: அந்தப் பதவியையே ஒழிக்கணும். அதை உருவாக்கியவர் ஜே.ஆர்.ஜெயவர்த்தனே.

1906-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா உச்ச நீதிமன்ற நீதிபதி. சுதந்திர இலங்கையின் முதல் நிதியமைச்சர் ஜே.ஆர்.தான். ஆனாலும் கட்சியில் முதலிடத்துக்கு வர ரொம்ப வருஷம் காத்திருந்தார். அதிபர் ஆட்சிமுறை வேண்டும் என்று 1966-லேயே பேசினார். 1971-ல் அரசியல் நிர்ணய சபையில் தீர்மானமாகவே கொண்டுவந்தபோது, எதிர்த்தவர் அவரது சொந்தக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்க. 1973-ல் டட்லி இறந்ததும் கட்சி ஜே.ஆர். கைக்கு வந்தது.

அவர் சொன்ன காரணம், கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஏழை நாடு, கசப்பான முடிவுகள் எடுக்கணும், நாடாளுமன்றம் எப்போது கவிழ்க்குமோ என்று பயப்படாத ஒருவர் மேலே இருக்கணும்.

1977 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஓட்டு சுமார் 51%. இடங்களோ 168-ல் 140! இந்தப் பலத்தில் பழைய அரசியல் சட்டத்தைத் திருத்தி, அதிபர் தேர்தலே நடக்காமல் 1978 பிப்ரவரி 4-ல் அதிபரானார். செப்டம்பரில் புதிய அரசியல் சட்டமே வந்துவிட்டது.

அதில் அதிபருக்கு என்னென்ன அதிகாரம்? அரசின் தலைவரும் அவரே, முப்படைத் தளபதியும் அவரே. அமைச்சர்களை நியமிப்பார், நீக்குவார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிப்பார். பதவியில் இருக்கும்வரை அவர் மீது வழக்குப் போட முடியாது. மிச்சமிருந்த பெரிய கடிவாளம் நாடாளுமன்றம் மட்டும்தான்.

அதையும் விடவில்லை. 1980-ல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவின் குடியுரிமைச் சலுகைகள் 7 ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. அதனால் 1982 அதிபர் தேர்தலில் பலமான போட்டியாளர் களத்திலேயே இல்லை. அந்தத் தேர்தலையும் தனக்கு வசதியான நேரத்தில் வைத்துக்கொள்ள அரசியல் சட்டத்தைத் திருத்தியிருந்தார். ஜெயித்த கையோடு, தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமா கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். கேள்வி கேட்டால் தேதி போட்டால் போதும். அதிபரைத் தட்டிக்கேட்க வேண்டியவர்களின் வேலையே அதிபர் கையில்!

அடுத்தது பொதுத்தேர்தல். அதை நடத்தினால் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை போய்விடும். அதனால், 1977 நாடாளுமன்றத்தையே இன்னும் 6 ஆண்டு நீட்டிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22-ல் அவசரநிலைக்கு நடுவே வாக்கெடுப்பு வைத்தார். சம்மதம்னா விளக்கு, வேண்டாம்னா பானை. சுமார் 55% ஓட்டுடன் விளக்கு ஜெயித்தது. அடுத்த பொதுத்தேர்தலை மக்கள் பார்த்தது 1989-ல்தான்.

இவ்வளவு அதிகாரம் யாருக்குப் பாதுகாப்பு கொடுத்தது? 1983 ஜூலை 24 இரவு கொழும்பில் தமிழர்கள் மீது தாக்குதல் தொடங்கியது. வீடுகளும் கடைகளும் எரிந்தன, மக்கள் கொல்லப்பட்டார்கள். முப்படையையும் கையில் வைத்திருந்தவர் நாட்டு மக்களிடம் பேசியது 28-ம் தேதி. அந்தப் பேச்சிலும் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு ஆறுதல் இல்லை. பதிலாக, பிரிவினை கேட்பதைத் தடுக்கும் 6-வது திருத்தம் ஆகஸ்ட்டில் வந்தது. அது கேட்ட உறுதிமொழியை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். பிரதான எதிர்க்கட்சியே அதுதான். தமிழர் பிரச்சினையைப் பேசித் தீர்க்கவேண்டிய நேரத்தில், பேச வேண்டியவர்கள் அவையில் இல்லை.

1987-ல் ராஜீவ் காந்தியுடன் ஒப்பந்தம் போட்டது தனிக்கதை. 1989 ஜனவரியில் பதவியிலிருந்து இறங்கினார்.

1996 நவம்பர் 1-ல், 90 வயதில் ஜே.ஆர். இறந்தபோது அதிபராக இருந்தவர் சந்திரிகா. சிறிமாவோவின் மகள். அந்தப் பதவியை ஒழிப்பேன் என்று சொல்லி 1994-ல் ஜெயித்தவர், 2005 வரை அதே பதவியில் இருந்தார்.