உப்பு எடுத்தார், எழுத்துக் கொடுத்தார்!

மரக்காணத்து உப்பு ஒரு காலத்தில் படகு ஏறித்தான் சென்னைக்குப் போயிற்று. அந்தப் படகுகள் போன வழி பக்கிங்காம் கால்வாய். அது கடலோரமாக வடக்கே சென்று, ஆந்திராவின் வாய்க்கால்களோடு சேர்ந்து, காக்கிநாடாவை எட்டியது. தெற்கு முனை மரக்காணம். வடக்கு முனை காக்கிநாடா.

அந்தக் காக்கிநாடாவில் வளர்ந்தவர்தான் துர்க்காபாய் அம்மையார். சென்னைக் கடற்கரையில் உப்புச் சட்டத்தை மீறிச் சிறை சென்றவர். படிப்பை விட்ட பெண்கள், வயது வந்த பிறகும் படிக்க வழி செய்தவர்.

சிறுமியின் பள்ளிக்கூடம்

1909-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி ராஜமுந்திரியில் பிறந்தார். 8 வயதில் கல்யாணம் செய்துவிட்டார்கள். அறியாத வயது! வளர்ந்ததும், தமக்குப் பொதுத் தொண்டே வாழ்க்கை என்று கணவரிடம் சொல்லிப் பிரிந்தார். தந்தை தடுக்கவில்லை.

1921-ல் காந்தி காக்கிநாடாவுக்கு வந்தார். ஊரில் தேவதாசிப் பெண்கள் இருந்தனர். முகத்திரை போட்ட முஸ்லிம் பெண்கள் இருந்தனர். இவர்களும் காந்தியைப் பார்க்க வேண்டாமா? யாருக்கும் தோன்றாதது அந்தச் சிறுமிக்குத் தோன்றியது. ரூ.5 ஆயிரம் நிதி தந்தால் பார்க்கலாம் என்றார்கள். பணம் சேர்ந்தது, கூட்டம் நடந்தது. காந்தியின் இந்திப் பேச்சைத் தெலுங்கில் சொன்னவரும் துர்க்காபாய்தான்.

அந்த வயதிலேயே பெண்களுக்கு இந்திப் பள்ளி நடத்தினார். 1923-ல் காக்கிநாடா காங்கிரஸ் கூடியபோது பொருட்காட்சி வாசலில் காவல் நின்றார். டிக்கெட் இல்லாமல் வந்த ஒருவரைத் தடுத்தார். வந்தவர் ஜவகர்லால் நேரு! டிக்கெட் வந்த பிறகே உள்ளே விட்டார்.

சிறையில் கண்டது

1930-ல் சென்னையில் உப்புச் சத்தியாகிரகம். அதில் முன்னின்ற துர்க்காபாய் கைதானார். 1933-க்குள் மூன்று முறை சிறை. வேலூரிலும் மதுரையிலும் இருந்தார்.

சிறையில் பல பெண்களைக் கண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தங்கள் மீது என்ன வழக்கு என்றே புரியாமல் தண்டனை அடைந்தவர்களும் அவர்களில் உண்டு. சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

ஆனால் சட்டம் படிக்க, முதலில் மெட்ரிகுலேஷன் வேண்டுமே! அவரோ பள்ளியை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. வெட்கப்படவில்லை. காசி இந்து சர்வகலாசாலையில் மெட்ரிகுலேஷன் எழுதினார். பிறகு ஆந்திர சர்வகலாசாலை. 1942-ல் சென்னையில் சட்டப் பட்டம்.

தாம் படித்ததோடு நிற்கவில்லை. மயிலாப்பூரில் தெலுங்குப் பெண்களை அதே மெட்ரிகுலேஷனுக்குத் தயார் செய்தார். அப்படி வளர்ந்ததே ஆந்திர மகிளா சபை. ஆண்டு 1937.

பலவிதப் பெண்கள்

1946-ல் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952-ல் திட்டக் கமிஷன் உறுப்பினர். 1953-ல் நிதி மந்திரி சி.டி.தேஷ்முக்கை மணந்தார். அதே ஆண்டு மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவி ஆனார்.

கிராமங்களில் பெண் ஆசிரியை இல்லை, நர்ஸ் இல்லை, மருத்துவச்சி இல்லை. ஆனால் பாதியில் படிப்பை விட்ட பெண்களோ ஏராளம். ஒருத்தி விதவை. ஒருத்தி கணவனால் கைவிடப்பட்டவள். ஒருத்திக்கு இடுப்பில் குழந்தை. சாதி வேறு, மதம் வேறு, பேசும் மொழி வேறு. இவர்களைக் குழந்தைகளோடு ஒரே பெஞ்சியில் உட்கார வைத்து, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏற்ற முடியுமா?

முடியாது என்று அம்மையாருக்குத் தெரியும். அவரே அப்படிப் படித்தவர் அல்லவா! 1958-ல் சுருக்கப் படிப்புத் திட்டம் வந்தது. 18 முதல் 30 வயது வரையுள்ள பெண்கள் சேரலாம். பல ஆண்டுப் பாடத்தை இரண்டே ஆண்டில் முடித்துப் பரீட்சை எழுதலாம். அந்தந்த வட்டாரத் தொண்டு நிறுவனங்கள் அதை நடத்தின.

எல்லோருக்கும் அது எட்டியது என்று சொல்ல முடியாது. மரக்காணத்து உப்பளப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பொழுது விடியுமுன் பாத்திக்குப் போக வேண்டும். வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையில் கொட்ட வேண்டும். கோடையில் ஓயாத வேலை. ஐப்பசி மழை இறங்கினால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இரண்டு ஆண்டு கூலியை விட்டுப் படிக்க அவளால் எப்படி முடியும்? அவளுக்கு வேறு நேரம், வேறு பாடம் வேண்டும்.

பின்னாளில் ஐதராபாத்தில் மகிளா சபை முதியோர் கல்விக்கென்றே ஒரு நிலையம் நடத்தியது. எழுத்தறிவுப் பணிக்காக நேரு விருதும், யுனெஸ்கோ விருதும் அம்மையாருக்குக் கிடைத்தன. 1975-ல் பத்ம விபூஷண் பட்டம் வந்தது.

1981-ம் ஆண்டு மே 9-ந் தேதி அவர் காலமானார். சுருக்கப் படிப்பில் தேறிய பெண்கள் அதற்குள் ஆசிரியைகளாகவும், நர்சுகளாகவும் கிராமங்களுக்குப் போயிருந்தார்கள்.