கடல் கடந்து படித்த மீனவச் சிறுவன்

குழந்தைகளே! ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். பக்கத்து ஊர்தான். ஆனாலும் அங்குள்ள பள்ளியில் புதிதாகச் சேர்ந்தால், முதல் நாள் வகுப்புக்குள் கால் வைக்கவே தயக்கமாக இருக்கும். யார் பக்கத்தில் உட்காருவது, மதியம் யாரோடு சாப்பிடுவது என்று மனசு அடித்துக்கொள்ளும்.

மொழி தெரியாத நாட்டில், தன் நாட்டவர் ஒருவர்கூட இல்லாத ஊரில், 16 வயதில் பள்ளிக்குப் போன ஜப்பானியச் சிறுவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் மான்ஜிரோ. அவன் கதையைக் கேளுங்கள்.

மான்ஜிரோ 1827ம் ஆண்டு, ஜப்பானின் ஷிகோகு தீவில் நாகனோஹாமா என்ற மீனவ கிராமத்தில் பிறந்தான். ஒன்பது வயதில் தந்தையை இழந்தான். வீட்டில் வறுமை. பள்ளிக்கூடம் போக வழியில்லை. சிறு வயதிலேயே வேலைக்குப் போய்த் தாய்க்கு உதவினான்.

1841 ஜனவரி மாதம், நான்கு பேரோடு சிறு படகில் மீன் பிடிக்கச் சென்றான். அப்போது அவனுக்கு வயது 14. புயல் வந்தது, படகு சேதமானது. பல நாள் அலைகளில் மிதந்து, டோரிஷிமா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். அந்தப் பெயருக்குப் பறவைத் தீவு என்று பொருள். ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடல் பறவைகளைப் பிடித்துத் தின்றும், மழை நீரைக் குடித்தும், 143 நாட்கள் உயிர் பிழைத்தார்கள்.

அந்த வழியே வந்தது ஒரு அமெரிக்கக் கப்பல். பெயர் ஜான் ஹௌலண்ட். விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகத் திமிங்கிலங்களை வேட்டையாடிய காலம் அது. கப்பலின் கேப்டன் வில்லியம் விட்ஃபீல்டு ஐந்து பேரையும் காப்பாற்றினார். ஆனால், அவர்களைச் சொந்த ஊரில் கொண்டுபோய் விட முடியவில்லை. ஏன் தெரியுமா? இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பான் தன் கதவுகளைச் சாத்தி வைத்திருந்தது. அமெரிக்கக் கப்பல் அங்கே நெருங்கக் கூடாது. நாட்டை விட்டுப் போன ஜப்பானியர் திரும்பி வந்தால், மரண தண்டனைகூடக் கிடைக்கலாம்!

மற்ற நால்வரும் ஹவாய்த் தீவில் இறங்கிக்கொண்டனர். மான்ஜிரோ மட்டும் கேப்டனோடு போக விரும்பினான். 1843ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபேர்ஹேவன் என்ற ஊரை அடைந்தான். அமெரிக்காவில் வாழ்ந்த முதல் ஜப்பானியர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

கேப்டன் அவனைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்தார். கல்லால் கட்டிய ஒரு சிறிய பள்ளியில் சேர்த்தார். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கில எழுத்துகளைக் கற்றான் மான்ஜிரோ. அவன் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. பிறகு வேறு பள்ளியில் சேர்ந்து கணிதம், நில அளவை, நடுக்கடலில் திசையறிந்து கப்பல் செலுத்தும் கலை ஆகியவற்றைப் படித்துத் தேறினான்.

அந்த ஊரில் எல்லோரும் அவனை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். கேப்டன் தன் தேவாலயத்துக்கு அவனை அழைத்துப் போனபோது, குடும்பத்தாரோடு அவன் உட்காரக் கூடாது, கறுப்பின மக்களுக்கான தனி இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்றார்கள். நம் பக்கத்து டீக்கடைகளில் தனித் தம்ளர் வைத்த கொடுமையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? பையனை விட்டுக்கொடுக்கவில்லை, அவனைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும் வேறு தேவாலயத்துக்கு மாறிவிட்டார்!

மான்ஜிரோ வளர்ந்து பெரியவரானார். கப்பலில் வேலை செய்தார். கலிபோர்னியாவில் தங்கம் தோண்டச் சென்று சுமார் 600 டாலர் சேர்த்தார். அமெரிக்காவிலேயே நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், தாயின் நினைவு அவரை விடவில்லை. உயிர் போனாலும் போகட்டும் என்று, 1851ல் பழைய நண்பர்கள் இருவரோடு ஓகினாவா தீவில் போய் இறங்கினார்.

உடனே பிடித்துக்கொண்டார்கள். ஊர் ஊராகக் கொண்டுபோய் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக விசாரித்தார்கள். கடைசியில் விடுதலை கிடைத்தது. 1852ல் தாயைச் சந்தித்தார். மகன் இறந்துவிட்டான் என்றே எண்ணியிருந்த அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்! ஆனால், சில நாட்களே சேர்ந்திருக்க முடிந்தது. பாடம் சொல்லித்தர வரும்படி அரசாங்கம் அழைத்துவிட்டது. பள்ளிக்கே போகாத மீனவச் சிறுவன், இப்போது ஆசிரியர்!

1853ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி போர்க்கப்பல்களோடு வந்து, ஜப்பானின் கதவைத் தட்டினார். அமெரிக்கர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நேரில் அறிந்தவர் மான்ஜிரோ. அவரைத் தலைநகருக்கு வரவழைத்து, சாமுராய் பதவியும் தந்தனர். புயலில் சிக்கி வரும் மாலுமிகளை, எந்த நாட்டவரானாலும், அன்பாக நடத்த வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால், அமெரிக்கர் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற சந்தேகத்தில், பேச்சுவார்த்தையில் மொழிபெயர்க்க அவரை விடவில்லை. அமெரிக்காவில் நிறம் பார்த்தார்கள். சொந்த நாட்டில் சந்தேகப்பட்டார்கள். அவர் மனம் தளரவில்லை. 1854ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், கரை ஒதுங்கும் மாலுமிகளுக்கு உதவும் விதியும் இடம்பெற்றது.

கப்பல் செலுத்தும் கலை பற்றிய அமெரிக்க நூலை மான்ஜிரோ ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். 1860ல் கான்ரின் மாரு என்ற ஜப்பானியக் கப்பல் பசிபிக் கடலைக் கடந்து அமெரிக்கா சென்றபோது, மொழிபெயர்ப்பாளராகச் சென்றார். பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகமாக வளர்ந்த பள்ளியிலும் கற்பித்தார்.

1870ல் வெளிநாட்டுப் பயணத்தின்போது ஃபேர்ஹேவன் சென்று, வயதான விட்ஃபீல்டைக் கண்டு மகிழ்ந்தார். 1898ல் தம் 71ம் வயதில் மான்ஜிரோ மறைந்தார்.

கதை அதோடு முடியவில்லை. 1987ல் ஃபேர்ஹேவனும், மான்ஜிரோவின் ஊர் அடங்கிய தோசாஷிமிசு நகரமும் சகோதர நகரங்களாயின. அங்கிருந்து மாணவர்கள் இங்கும், இங்கிருந்து அங்குமாகச் சென்று, ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகி வந்திருக்கிறார்கள். விட்ஃபீல்டின் வீடும் 2009 முதல் நினைவில்லமாக இருக்கிறது.

செல்வங்களே! விட்ஃபீல்டு அந்த ஒரு பையனுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால், இதில் எதுவும் நடந்திருக்காது.

ராஜபாளையத்துப் பஞ்சாலைகளுக்கு வட மாநிலங்களில் இருந்தும் வேலைக்கு வருகிறார்கள். அப்படி வந்த வீட்டுப் பிள்ளை ஒன்று, தமிழ் தெரியாமல் உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் தனியே உட்கார்ந்திருந்தால், என்ன செய்வீர்கள்? பக்கத்தில் போய் உட்காருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கையில் இருந்தால் பாதியைக் கொடுங்கள். பால்கோவாவுக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று கேளுங்கள். நீங்களும் ஒரு புது வார்த்தை கற்றுக்கொள்வீர்கள்!