சேர் பொன்னம்பலம் அருணாசலமும் தோட்டத் தொழிலாளர் துயரும்

முற்றுமுணர்ந்த முதல்வன் ஒருவன் உளனாயின், தேயிலைத் தோட்டத்து ஏழை ஏன் வருந்தல் வேண்டும்? அவ்வருத்தம் இறைவனுக்கு முன்னரே தெரிந்ததாயின், அதனை நீக்க மனிதன் முயல்வதாற் பயன் யாது? நுவரெலியா, ஹட்டன் பகுதிப் பாடசாலைகளிலே சமயபாடம் நடத்தும் ஆசிரியர்கள் இவ்வினாவை எதிர்ப்படாதிரார். யாம் பயின்ற மிஷன் பாடசாலையிலும் யூதாசின் கதை வருங்கால் இதுவே எழும். ஆதலின் இஃது எச்சமயத்தார்க்கும் பொதுவாகிய சங்கடமேயாம். நூல்வழியாக மட்டும் விடைகூறாது, ஒரு பெரியாருடைய சரித்திரத்தைக் கொண்டு இதனை விளக்கப் புகுகின்றோம்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1853-ம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14-ந் தேதி கொழும்பிலே பிறந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் இவருக்குத் தமையனார். கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ட் கல்லூரியிற் கற்று, சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி, 1875-ல் இலங்கை மீண்டார். நீதிபதியாயும் பதிவாளர் நாயகமாயும் கடமையாற்றினார். 1901-ம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் இவரே.

ஆங்கிலக் கல்வியில் ஊறிய இவரைச் சைவ ஞானத்தில் நிலைபெறுத்தியவர் தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகள். கேம்பிரிட்ஜ் நண்பராகிய எட்வர்ட் கார்ப்பென்டர் 1890-ல் இலங்கைக்கு வந்தபோது, அவரையும் அச்சுவாமிகளிடம் சேர்ப்பித்தார். கார்ப்பென்டர் அந்த யாத்திரையைப்பற்றிப் பின்னர் எழுதிய நூலின் பெயரிலே நமது சிவனொளிபாதமலையும் இடம்பெற்றுள்ளது.

இனி, அக்காலத்துத் தோட்டத்து நிலையைச் சிறிது உரைப்போம். திருச்சி, மதுரை, சேலம் முதலிய இடங்களிலிருந்து வந்தோர், கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கடனாகச் சுமந்தே மலையேறினர். துண்டு என்பது துரை எழுதிக்கொடுக்கும் ஒரு சீட்டு. இன்னாரது கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர்க்கு இவரை விடுவிப்போம் என்பதே அதன் பொருள். வேறொரு தோட்டத்தார் அத்தொகையைக் கட்டினால் ஆளும் கடனும் ஒன்றாகவே இடம் மாறும். அறிவித்தலின்றி வேலையை விட்டகன்றால், 1865-ம் ஆண்டின் சட்டப்படி சிறையும் கிடைக்கும். தம் கணக்கைத் தாமே வாசிக்க அறியாத மக்கள், ஏறிக்கொண்டே போகும் அத்தொகையைத் தலைவிதி என்றே நம்பினர். நம்பும்படி சொல்லிவைத்தாரும் உளர்.

இங்கேதான் சித்தாந்தத்தைப் பிழைபட உணர்தல் நேர்கின்றது. இறைவன் வைக்கும் வினைக்கணக்கும் கங்காணியின் கணக்கும் ஒருதன்மையன அல்ல. முன்னது ஆன்மாவின் மலம் பரிபாகமெய்தி அது விடுபடுதற்பொருட்டு அருளாற் கூட்டப்படுவது. பின்னது விடாது கட்டுதற்பொருட்டு மனிதரால் எழுதப்படுவது. அன்றியும், இறைவன் அறிந்திருத்தல் வேறு, வலிந்து செய்வித்தல் வேறு. பிராரத்தம் வந்து ஊட்டும். ஆகாமியமோ இன்று நம் இச்சையினாலும் அறிவினாலும் செயலினாலும் நாமே ஈட்டுவது. சட்டமியற்றினோர் செய்கையும் அதனை மாற்ற முயல்வோர் செய்கையும் இவ்வாகாமியத்துள் அடங்கும். ஒருவன் தன் துன்பத்தைத் தன் வினையென்று ஆராய்தல் பக்குவம். பிறன் துன்பத்தைக் கண்டு அவன் வினையென்று கைகட்டி நிற்றல் கொடுமை. லயத்திலே பச்சிளங் குழந்தை நோயால் வாடுங்கால் அதன் தாய்க்கு வினைக்கொள்கையைப் போதிக்கப் புகுவாரை யாம் ஆசிரியரென்று கொள்ளோம்.

அருணாசலம் அவர்கள் வினையை மறுத்தவரல்லர். திருவாசகப் பகுதிகளை ஆங்கிலத்திற் பெயர்த்த சைவர். ஆயினும் துண்டைத் தெய்வ கட்டளையென்று அவர் கொள்ளவில்லை. 1913-ல் ஓய்வு பெற்றபின், வீட்டிலிருந்து தியானத்திற் காலங்கழித்திருக்கலாம், யாரும் குறைகூறியிரார். அவரோ 1915-ல் சமூக சேவைச் சங்கத்தைத் தொடக்கினார். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகிய அதே 1919-ல் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் நிறுவித் தாமே அதன் தலைவராயிருந்தார். கொழும்புச் சீமான் ஒருவருக்கு வாக்குரிமையில்லாத் தோட்டத்து மக்களிடமிருந்து வரத்தக்க இலாபம் யாதுமில்லை. சட்டத்தையும் புள்ளிவிபரத்தையும் கரைகண்ட உத்தியோகத்தராதலின், முறையீட்டை அழுகையாக்காது வழக்காக்கினார். 1921-ம் ஆண்டின் 43-ம் இலக்கச் சட்டத்தால் துண்டும் சிறைத்தண்டனையும் ஒழிந்தன. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் இதற்கு ஒரு காரணம். புகழனைத்தையும் ஒருவர்மேலேற்றுதல் சரித்திரமாகாது.

மாணாக்கன் வினாவுக்கு வருவோம். தொழிலாளி படும் துயரை இறைவன் அறிவானெனின், அதனை நீக்க எழும் ஒருவனையும் அறிவான். எழுவதும் எழாதிருப்பதும் அவ்வொருவன்பால் விடப்பட்டன. ஒவ்வோருயிரும் ஏன் இவ்வளவு வருந்தவேண்டுமென்பதற்கு இது முழு விடையன்று. வகுப்பிலே அதனை ஒளியாது சொல்லிவிடுதலே நேர்மை.

அருணாசலம் அவர்கள் தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கச் சென்றவிடத்து, 1924-ம் ஆண்டு சனவரி மாதம் 9-ந் தேதி மதுரையிலே சிவபதமடைந்தார். ஞானத்தைப்பற்றிக் கார்ப்பென்டருக்கு அவர் வரைந்த கடிதங்கள் 1927-ல் நூலாக வெளிவந்தன. தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் விதிக்கும் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயாம்.