ஏட்டையும் பட்டறையையும் இணைத்த பேராசிரியர் சதீஷ் தவான்

மல்லேசுவரத்திலிருந்து யசுவந்தபுரம் செல்லும் அன்பர்கள் வழியில் மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்றைக் கண்டிருப்பர். ஊரார் அதனை இன்றும் டாட்டா இன்ஸ்டிடியூட் என்றே வழங்குகின்றனர். 1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகமே அது. அக்கழகத்தின் இயக்குநராகப் பத்தொன்பது ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய பெருமகனார் பேராசிரியர் சதீஷ் தவான்.

அன்னார் தமிழரல்லர், கன்னடரும் அல்லர். காசுமீரத்தில் பிறந்து, இலாகூரில் கற்று, அமெரிக்காவில் ஆராய்ந்து, பெங்களூரில் வாழ்ந்து, இவ்வூரிலேயே மறைந்தவர். பணியின் பொருட்டு வந்த ஊரைத் தம் சொந்த ஊராக்கிக் கொண்ட வகையில் அவர் நம்மைப் போன்றவர். விண்வெளித் துறைத் தலைவர் என்ற முறையில் அவரைப் பலர் அறிவர். ஆயின், பொறியியல் கற்போர்க்கு அவர்தம் வாழ்வு காட்டும் வழியைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். அவ்வழியை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

சதீஷ் தவான் 1920ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள் சீநகரில் பிறந்தார். இலாகூரில் அந்நாளில் புகழுடன் விளங்கிய பஞ்சாபுப் பல்கலைக்கழகத்தில் கல்வி பயின்றார். முதலிற் கணிதமும் பௌதிகமும் கற்றுப் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று 1945ஆம் ஆண்டில் வெளிவந்தார்.

இம்மூன்று பட்டங்களையும் ஒருங்கே காண்போர் வியப்படைவர். இலக்கியத்திற்கும் இயந்திரத்திற்கும் என்ன உறவு என்று வினவுவாரும் உளர். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இவ்வாறு படிக்கப் புகுந்தால், நிலையில்லாதவன் என்று நாம் வருந்தக்கூடும். ஆனால், தவானின் பிற்கால வாழ்வில் இம்மூன்றும் மூன்று காற்கள் போல நின்று அவரைத் தாங்கின. கணிதம் அளந்தறியக் கற்பித்தது. பொறியியல் ஆக்கக் கற்பித்தது. இலக்கியம் மனிதரை அறியக் கற்பித்தது.

கல்லூரியை விட்டு வெளிவந்தவர் நேரே பெங்களூருக்கு வந்து, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார். 1940ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அத்தொழிற்சாலை, போர்க்காலத்தில் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பட்டறையாக விளங்கியது. உலோகத் தகடும் ஆணியும் எண்ணெயும் நிறைந்த அவ்விடத்தில் தவான் விமானத்தை நேரிற் கண்டார். விமானம் பற்றிய உயர்கல்வியை நாடி அவர் அமெரிக்கா சென்றது அதன் பின்னரே.

அளந்து பார்த்த ஆராய்ச்சி

அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டில் எம்.எஸ். பட்டம் பெற்றார். பின்னர்க் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, ஹான்ஸ் லீப்மன் என்னும் பேரறிஞரின் கீழ் ஆராய்ச்சி செய்து 1951ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி யாவர்க்கும் விளங்கத் தக்கது. விமானம் விரையும்போது அதன் உடலை ஒட்டி ஓடும் காற்று மெல்லிய படலமாய் அமைந்து அதனைப் பின்னோக்கி இழுக்கின்றது. இவ்வுராய்வு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் காற்றின் விரைவை அளந்து, கணக்கிட்டு, ஊகமாகவே கூறி வந்தனர். தவான் அதனை நேராகவே அளக்க முற்பட்டார். தட்டையான பலகையில் ஒரு சிறு துண்டினை மட்டும் பிரித்து, மயிரிழை இடைவெளி விட்டுத் தனியே மிதக்குமாறு பொருத்தினார். காற்று அத்துண்டினை இழுக்கும். அது சிறிதளவு நகரும். அந்நகர்வை அளந்தால் உராய்வின் அளவு வெளிப்படும். கருத்து எளியது, ஆயின் கருவியைச் செய்வது மிக அரியது. அதனைச் செய்து முடித்து, ஒலியின் விரைவுக்கு உட்பட்ட காற்றோட்டத்திலும் அதனைக் கடந்த காற்றோட்டத்திலும் அளந்து காட்டினார். கணக்கில் வல்ல ஒருவர் கருவி செய்வதிலும் வல்லவராய் இருந்தமையாலன்றோ இது கைகூடிற்று?

பட்டறையே வகுப்பறை

1951ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய தவான், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் விமானப் பொறியியல் துறையிற் சேர்ந்தார். 1955ஆம் ஆண்டில் அத்துறையின் தலைவரானார். நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அயல்நாட்டுக் கருவிகளை வாங்கப் பொருள் இல்லை. கருவி இல்லை என்று கைகட்டி இருந்திருந்தால் அவரைக் குறை கூறுவார் எவருமிலர்.

அவரோ அவ்வாறு இருக்கவில்லை. கழித்துப் போட்ட பொருள்களையும், எஞ்சிய உதிரிப் பகுதிகளையும், உள்ளூரிற் கிடைத்தவற்றையும் கொண்டு, குறைந்த செலவில் ஆய்வுக் கருவிகளை அமைத்தார். ஒலியினும் விரைந்த காற்றோட்டத்தை உண்டாக்கும் காற்றுச் சுரங்கம் இந்தியாவில் முதன்முதலாக அங்கே அவர் முயற்சியால் உருவாயிற்று.

அத்தகைய சுரங்கத்தை அமைக்கப் புகும் மாணவன் எவற்றையெல்லாம் அறிதல் வேண்டும்? அழுத்தப்பட்ட காற்று, முதலிற் குறுகிப் பின்னர் அகலும் குழாய் வழியே பாய்ந்தால்தான் ஒலியின் விரைவைக் கடக்கும். அக்குழாயின் வளைவைக் கணிதம் தரும். அவ்வளைவைப் பிழையின்றிக் கடைந்தெடுக்கப் பட்டறைப் பயிற்சி வேண்டும். ஓடும் காற்றில் எழும் அதிர்ச்சி அலைகளைக் கண்ணாற் காண ஒளியியல் அறிவு வேண்டும். அழுத்தத்தை அளக்க மின்கருவி அறிவு வேண்டும். இவற்றைத் தனித்தனி வகுப்புகளிற் கற்றவன் தனித்தனியாகவே மறந்து விடுவான். ஒரு கருவியைத் தானே அமைத்தவன் இவையனைத்தையும் ஒன்றாகக் கற்கின்றான். பிழை நேர்ந்தால் கருவி ஓடாது. ஆதலின் அங்கே மனப்பாடம் செய்து தப்ப இயலாது.

இவ்வாறு பயின்ற மாணவர்களுள் ரோத்தம் நரசிம்மா அவர்கள் பின்னாளில் உலகறிந்த விஞ்ஞானியாகத் திகழ்ந்தார்.

கழகத்தின் தலைமை

1962ஆம் ஆண்டில், தம் நாற்பத்திரண்டாம் வயதில், தவான் கழகத்தின் இயக்குநர் ஆனார். 1981ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பை வகித்தார். ஒரு துறைக்கும் மற்றொரு துறைக்கும் இடையே எழுந்து நின்ற மதில்களைத் தாழ்த்துவதே அவர்தம் நோக்கமாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்திற் புகழ் பெற்று விளங்கிய ஜி. என். இராமச்சந்திரன் அவர்கள் பெங்களூருக்கு வந்து, உயிரியலையும் பௌதிகத்தையும் இணைத்து ஆராயும் மூலக்கூறு உயிர்ப்பௌதிகப் பிரிவை இக்காலத்திலேயே தோற்றுவித்தார். தத்துவ ஆராய்ச்சிக்கென ஒரு மையமும் 1972ஆம் ஆண்டில் எழுந்தது.

1974ஆம் ஆண்டில் வேதியியல் அறிஞர் ஏ. கே. என். ரெட்டி அவர்களின் முயற்சியால் அஸ்திரா என்னும் அமைப்பு தோன்றியது. சிற்றூர்களுக்கு அறிவியலைக் கொண்டு செல்வது அதன் பணி. தும்கூர் மாவட்டத்து உங்கரா என்னும் சிற்றூரில் அதன் களப்பணி நடைபெற்றது. விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு, சாண எரிவாயு, அழுத்திய மண்கல் ஆகியவற்றை அவ்வமைப்பினர் ஆராய்ந்தனர். அடுப்பு ஒன்றைத் திருத்தவும் பொறியியல் மட்டும் போதாது. எரிதலின் வேதியியல் வேண்டும். மண்ணின் இயல்பு தெரிய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வடுப்பின் முன் அமர்ந்து சமைக்கும் பெண்மணியின் சொல்லைக் கேட்டறியும் பணிவு வேண்டும். வான்வழிச் செல்லும் ஊர்தியை ஆராய்ந்தவர் தலைமை தாங்கிய கழகத்தில் ஊர்ப்புற அடுப்புக்கும் இடம் கிடைத்தமை எண்ணி மகிழத் தக்கது.

வெற்றியும் தோல்வியும்

1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் விக்ரம் சாராபாய் அவர்கள் காலமானார். விண்வெளித் திட்டத்திற்குத் தலைமை ஏற்குமாறு பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் தவானை வேண்டினார். அப்போது அவர் கலிபோர்னியாவில் ஆராய்ச்சி விடுப்பில் இருந்தார். விண்வெளி அமைப்பின் தலைமையகம் பெங்களூரில் இருத்தல் வேண்டும், விஞ்ஞானக் கழக இயக்குநர் பொறுப்பும் தம்மிடமே தொடர்தல் வேண்டும் என்னும் வேண்டுகோள்களை முன்வைத்து, அவை ஏற்கப்பெற்றபின் 1972ஆம் ஆண்டில் அத்தலைமையை ஏற்றார். பதவி உயர்ந்தும் ஆசிரியத் தொழிலை அவர் கைவிடவில்லை.

இந்தியாவின் முதற் செயற்கைக்கோளான ஆரியபட்டா, பெங்களூர்ப் பீனியாவில் இருந்த தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவாக்கப்பெற்றது. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் நாட்டிலிருந்து அது விண்ணிற் செலுத்தப்பட்டது. முன்பின் செயற்கைக்கோள் செய்தறியாத இளைஞர்கள், செய்து கொண்டே கற்றுக் கொண்ட கல்வியின் விளைவு அது.

அடுத்த முயற்சி நம் நாட்டு ஏவூர்தியாலேயே கோளினைச் செலுத்துவது. எஸ்.எல்.வி.-3 என்னும் அவ்வூர்தி 22 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 17 டன் எடையும் கொண்டது. இராமேசுவரத்துப் பெருமகனார் அப்துல் கலாம் அவர்களே அதன் திட்ட இயக்குநர். 1979ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சீஅரிக்கோட்டாவிலிருந்து புறப்பட்ட ஊர்தி, சில நிமிடங்களில் வழி தவறி வங்கக் கடலில் வீழ்ந்தது. இரண்டாம் அடுக்கின் திசை காக்கும் அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிந்து போனமையே காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது.

பல ஆண்டு உழைப்பு கடலில் மூழ்கியது. செய்தியாளர்கள் காத்திருந்தனர். கலாம் உள்ளம் நொந்திருந்தார். அந்நேரத்தில் தவான் தாமே செய்தியாளர் முன் அமர்ந்து, தோல்விக்குத் தாமே பொறுப்பேற்று, தம் குழுவினர் மீது முழு நம்பிக்கை உண்டு எனத் தெரிவித்தார். 1980ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் அதே வகை ஊர்தி உரோகிணிக் கோளினை விண்ணில் நிலைநிறுத்தியது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்குமாறு கலாமையே அனுப்பி வைத்தார். தாம் ஒதுங்கி நின்றார். இந்நிகழ்ச்சியைக் கலாம் தம் வாழ்நாள் முழுவதும் நன்றியுடன் நினைவு கூர்ந்தார்.

இவ்வரலாற்றிற் கல்வி பற்றிய பாடமும் உண்டு. கசிந்த அமிலம் வேதியியலைச் சார்ந்தது. அடைப்பிதழ் இயந்திரவியலைச் சார்ந்தது. ஊர்தியின் திசையோ கணிதத்தையும் மின்னணுவியலையும் சார்ந்தது. ஒவ்வொருவரும் தத்தம் துறையின் எல்லைக்குள் நின்று, பிழை எம்முடையதன்று எனக் கூறியிருந்தால் அடுத்த ஆண்டு வெற்றி கிட்டியிராது. பிழையைத் தண்டிக்காமல் ஆராயும் தலைவரும், பிறர் துறையைப் புரிந்து கொள்ளும் பொறியாளரும் ஒன்று சேர்ந்தமையாலேயே அவ்வெற்றி கிட்டியது.

பறவைகளின் நண்பர்

சீஅரிக்கோட்டாவை அடுத்துள்ளது நம் பழவேற்காட்டு ஏரி. பூநாரைகள் கூட்டங் கூட்டமாய் வந்திறங்கும் நீர்நிலை அது. ஏவூர்தித் தளத்தின் தலைவர் அப்பறவைகளின் பறத்தலையும் கூர்ந்து நோக்கினார். சிறகின் அமைப்பையும் காற்றின் இயல்பையும் இணைத்துப் பறவை பறத்தல் பற்றி அவர் எழுதிய நூல் 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொறியியலும் உயிரியலும் அழகுணர்வும் அந்நூலிற் கைகோத்து நிற்கின்றன.

1981ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது அவரைச் சார்ந்தது. 1984ஆம் ஆண்டில் விண்வெளித் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 2002ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் பெங்களூரில் இயற்கை எய்தினார். அவ்வாண்டிலேயே சீஅரிக்கோட்டா ஏவுதளம் அவர்தம் பெயரைத் தாங்கியது.

நாம் செய்யத் தக்கது

அவர் வளர்த்த கழகம் 2011ஆம் ஆண்டில் நான்காண்டு இளநிலைப் பட்டப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அதிற் சேரும் அறிவியல் மாணவர்கள் பொறியியலையும் மனிதப் பண்பியற் கல்வியையும் சேர்த்துக் கற்கின்றனர். தவானின் நெறி அவருக்குப் பின்னும் வாழ்கின்றது என்பதற்கு இதுவே சான்று.

நம் இல்லங்களில் அந்நெறி வாழ்கின்றதா என்று எண்ணிப் பார்த்தல் நம் கடமை. விமானத் தொழிற்சாலையிலும், எச்.எம்.டி., ஐ.டி.ஐ., பி.இ.எல். முதலிய ஆலைகளிலும் உழைக்க வந்த தமிழர் பலர். லேத்தின் ஓசையைக் கேட்டே பிழையை உணர்ந்தவர்கள் அவர்கள். விரலாற் தடவியே இரும்பின் மேற்பரப்பை மதிப்பிட்டவர்கள். தம் மக்கள் எண்ணெய்க் கறை படியாத வேலைக்குச் செல்ல வேண்டும் என்று விரும்பி, அவர்களைப் பொறியியற் கல்லூரிக்கு அனுப்பினர். விருப்பம் குற்றமன்று. ஆயினும், தந்தையின் கைத்திறன் மகனுக்கு இழுக்காகத் தோன்றுமானால், அரத்தை ஒருநாளும் பிடியாமலே ஒருவன் பொறியாளன் என்று பட்டம் பெறுவானானால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழிக்கு நாமே சான்றாகி விடுவோம்.

ஆதலின், கல்லூரியிற் பயிலும் நம் செல்வங்கள் விடுமுறையில் ஒரு கருவியையேனும் தாமே பிரித்துப் பூட்டிப் பார்ப்பாராக. தம் துறைக்கு அப்பாற்பட்ட ஒரு நூலையேனும் விரும்பிக் கற்பாராக. ஓய்வு பெற்ற தொழிலாளப் பெரியோரை அணுகி, அவர் கைகள் அறிந்தவற்றைக் கேட்டறிவாராக. பிள்ளைகள் செய்த பொருள் முதன்முறை ஓடாது நின்றால், பெற்றோர் சினவாது, மறுமுறை முயல இடங்கொடுப்பாராக. இலாகூரில் இலக்கியம் பயின்று, பெங்களூரில் காற்றை அளந்து, பழவேற்காட்டிற் பறவையை நோக்கிய பெருமகனாரின் நினைவுக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே ஆகும்.