சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (அக்டோபர் 10, 1822 - மே 28, 1884) இலங்கையின் யாழ்ப்பாணத்தில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மருத்துவரும் மதப்பரப்புநரும் ஆவார். உடற்கூற்றியல், உடற்றொழிலியல் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் வெளிவர வழிசெய்தவர்.

வாழ்க்கைக் குறிப்பு

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1845 இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் சார்பில் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் வகுப்பையும் தொடங்கினார். 1857 இல் தாயகம் சென்றவர் 1862 இல் திரும்பி வந்து, 1873 வரை பணியாற்றினார்.

தமிழில் மருத்துவக் கல்வி

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் நல்ல சம்பளம் தரும் அரசு வேலைகளை நாடி வெளியூர்களுக்குச் சென்றுவிட்டனர். கிராமங்களுக்கு மருத்துவர் கிடைக்கவில்லை. தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்கித் தொழில் செய்வார் என்று கருதிய கிறீன், 1864 இல் பயிற்றுமொழியைத் தமிழாக மாற்றினார். ஆங்கிலம் இல்லையேல் அரசு வேலை எட்டாது என்பதால் மாணவர்க்கு இம்மாற்றம் எளிதானதாக இருக்கவில்லை. 1870 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவப் பள்ளியும் ஆங்கில வழியிலேயே இயங்கியது. எனினும் கிறீன் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. மாணவர்கள் மேல்நாட்டு உடையையும் பழக்கங்களையும் மேற்கொள்வதையும் அவர் விரும்பவில்லை. அவரிடம் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோரில் 33 பேர் தமிழில் கற்றவர்கள்.

நூல்களும் கலைச்சொற்களும்

தமிழில் கற்பிக்கப் பாடநூல்கள் தேவைப்பட்டன. பயிற்றுமொழி மாறுவதற்கு முன்பே, 1852 இல், கல்வின் கட்டரின் நூலைத் தழுவி உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உடல்நலம் பற்றிய தமிழ் நூலொன்றை வெளியிட்டிருந்தார். பின்னர் தம் மாணவர்களின் துணையுடன் பிரசவ வைத்தியம் (1857), இரண வைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), கெமிஸ்தம் (1875) ஆகியவற்றைக் கொண்டுவந்தார். டால்ட்டனின் உடற்றொழிலியல் நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883 இல் வெளிவந்தது. அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியலையும் சுகரணம் என்பது உடற்றொழிலியலையும் குறித்தன. இன்றைய வாசகருக்கு இச்சொற்கள் அயலாகத் தோன்றலாம். அன்று முன்மாதிரி எதுவும் இருக்கவில்லை. பொருத்தமான தமிழ்ச்சொல்லை முதலில் தேடுவதும், கிடைக்காவிடில் வடசொல்லைக் கொள்வதும், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவதும் அவர் வழக்கம். கெமிஸ்தம் இவற்றுள் மூன்றாம் வகை.

இறுதிக் காலம்

உடல்நலக் குறைவால் 1873 இல் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்த மறு ஆண்டு வூஸ்டரில் காலமானார். மானிப்பாய் மருத்துவமனை பின்னர் அவர் பெயரால் கிறீன் நினைவு மருத்துவமனை என்று அழைக்கப்படலாயிற்று. தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்ததைத் தம் கல்லறையில் குறிப்பிட வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.