வைரம் தேடிய வித்தகர்: ஹென்ரி மொய்ஸான்

நவமணிகளுள் தலைசிறந்தது வைரம். ஒளியிலும் விலையிலும் ஒப்பற்ற அக்கல்லும் அடுப்பிற் கிடக்கும் கரியும் ஒரே பொருளின் இரு வடிவங்களென்பது கேட்பார்க்கு வியப்பையே தரும். எனினும் வைரத்தை எரித்தால், அதே எடையுள்ள கரி தரும் வாயுவையே அதே அளவில் தருமென்பதை 1797-ம் ஆண்டில் ஸ்மித்ஸன் டென்னன்ட் என்னும் ஆங்கில அறிஞர் காட்டினார். பின்னர்க் கரியை வைரமாக்க முயன்றோர் பலர். அவருள் முதன்மையானவர் பிரெஞ்சு இரசாயன அறிஞராகிய ஹென்ரி மொய்ஸான். அப்பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

மொய்ஸான் 1852-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் புகைவண்டிக் கம்பெனியில் சிறு உத்தியோகத்தர். தாயார் தையல் வேலை செய்தவர். சர்வகலாசாலையிற் சேர்தற்கு வேண்டிய தகுதியைப் பெறாமலே 1870-ம் ஆண்டில் பள்ளியை விட்டார். மருந்துக் கடையொன்றில் வேலை பயின்றார். ஆயினும் கல்வி வேட்கை அவரை விட்டபாடில்லை. ஆராய்ச்சிச் சாலைகளிற் புகுந்து உழைத்து, விட்ட தேர்வுகளையும் எழுதித் தேறி, 1880-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் பிளோரின் என்னும் வாயுவைத் தனித்துப் பிரிக்க முயன்று உயிரிழந்தோரும் உளர். மொய்ஸான் அஞ்சினாரல்லர். 1886-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, கடுங்குளிரூட்டிய பிளாட்டினக் குழாயினுள் மின்சாரத்தைச் செலுத்தி அவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். சோதிக்க வந்த அறிஞர் குழுவின் முன்னர் அச்சோதனை பலிக்கவில்லை. அன்று அவர் பயன்படுத்திய அமிலம் மிகத் தூயதாயிருந்தமையின் மின்சாரம் பாயவில்லை. காரணத்தை அறிந்து அதிற் சிறிது உப்பைச் சேர்த்துச் சின்னாளில் வெற்றி கண்டார்.

அடுத்து, சுண்ணாம்புக் கட்டிகளால் மின்சார உலையொன்றை 1892-ம் ஆண்டில் அமைத்தார். அதன் வெப்பம் ஏறத்தாழ 3,500 டிகிரி சென்டிகிரேட். அவ்வுலையில் இரும்பை உருக்கி, சர்க்கரையை எரித்துப் பெற்ற கரியை அதிற் கரைத்து, மூசையைத் திடீரெனக் குளிர்ந்த நீரில் ஆழ்த்தினார். புறத்தோடு முன்னர் இறுக, உள்ளிருக்கும் இரும்பு பின்னர் இறுகி விரியுங்கால் பேரழுத்தம் உண்டாகுமென்பது அவர் கருத்து. இரும்பை அமிலத்திற் கரைத்த பின்னர் எஞ்சிய நுண்மணிகளை வைரமென்றே நம்பி, 1893-ம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார்.

அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. நீராவிச் சுழலியை இயற்றிய சார்ல்ஸ் பார்ஸன்ஸ் அம்முறையைப் பன்முறை செய்து பார்த்து, செயற்கை வைரம் எவரும் பெற்றிலரென்னும் முடிவிற்கு வந்தார். குளிரும் இரும்பினுள் எழும் அழுத்தம் வைரம் பிறத்தற்குப் போதாதென்பதை இன்று அறிவோம்.

எனினும் அவர் வழி முற்றும் பிழையன்று. 1953-ம் ஆண்டில் சுவீடனிலும், 1954-ம் ஆண்டில் அமெரிக்காவிலும் மெய்யான வைரம் ஆக்கப்பட்டது. இம்முறையில் ஏறத்தாழ 50,000 முதல் 60,000 மடங்கு காற்றழுத்தமும் 1,400 டிகிரியை ஒட்டிய வெப்பமும் வேண்டும். அந்நிலையில், உருகிய இரும்பு, நிக்கல் முதலிய உலோகங்களில் கரி கரையும். வெப்பம் மிக்க இடத்திற் கரைந்த கரி, வெப்பம் சற்றுக் குறைந்த இடத்தில் வைத்த சிறு வைர வித்தின்மேல் அடுக்கடுக்காகப் படியும். பாகினுள் தொங்கும் நூலிற் கற்கண்டு விளைவதை ஒத்தது இது. மொய்ஸான் இரும்பிற் கரியைக் கரைத்தது சரியே, அழுத்தமே குறைந்தது.

விண்கல்லொன்றில் அவர் கண்ட மணிகளும் முதலில் வைரமென்றே எண்ணப்பட்டன. அவை சிலிக்கன் கார்பைடு என 1904-ம் ஆண்டில் அவரே தெளிந்தார். இன்று அதற்கு மொய்ஸானைட் என்பது பெயர். 1906-ம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற அவர், 1907-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி குடல்வால் நோயால் காலமானார்.

மாணவ நண்பர்களே, மொய்ஸான் தம் முறையை ஒளியாது வெளியிட்டார். அதனாலன்றோ பிறர் அதைச் சோதித்துப் பிழை கண்டனர்! மறைத்து வைத்த வெற்றியினும் வெளிப்படக் கூறிய பிழை உலகிற்குப் பயன்படுமென்பதை அவர் வாழ்விலிருந்து நாம் கற்போமாக.